பாமினியில் அடித்த வினாத்தாள்: வகுப்பறைத் தொழில்நுட்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் மாவட்டத்தில் புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியர்களுக்குக் கணினிப் பயிற்சி கொடுப்பவர்களில் நானும் ஒருவன். இப்போது வருபவர்களின் ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. பள்ளியில் ஹைடெக் லேப் இருக்கிறது, கையில் நல்ல போன் இருக்கிறது, நாங்கள் மாதக்கணக்கில் கற்றதை ஒரே பிற்பகலில் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் எங்கள் தலைமுறை செய்து சலித்த தவறுகளை அப்படியே மறுபடியும் செய்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டாதீர்கள், பென் டிரைவை ஸ்கேன் செய்யுங்கள் என்பதெல்லாம் எல்லோரும் அறிந்தது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லாப் பாடத்தையும் ஸ்லைடு ஆக்குவது

வேண்டாம். கணக்கைக் கரும்பலகையில் ஒவ்வொரு வரியாகப் போட்டால்தான் பிள்ளைக்கு ஏறும்.

வினாத்தாளைப் பாமினியிலும் வானவில்லிலும் அடிப்பது

இது ஒன்றைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஆண்டும் சொல்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒருவர் அழகாக அடித்த வினாத்தாளோடு வந்து, “சார், வீட்டில் நன்றாகத்தான் தெரிந்தது, இங்கே திறந்தால் என்னவோ போல் வருகிறது” என்கிறார்.

என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் கணினியில் தமிழைச் சேமிப்பதே இல்லை. ஆங்கில எழுத்துகளைச் சேமித்துவிட்டு, அவற்றின் மேல் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுகின்றன. ‘தமிழ்’ என்று பாமினியில் அடித்தால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ, அதன் பின் ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டும் அது தமிழாகத் தெரியும். இல்லாத கணினியில், போனில், கூகுள் படிவத்தில், வாட்ஸ்அப்பில் அந்த ஐந்து குறிகள்தான் தெரியும். ‘கொ’ என்று வேண்டுமானால் முதலில் கொம்பு, பிறகு ‘க’, கடைசியில் கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிக்க வேண்டும். இப்படிச் சேமிப்பதால் தமிழில் அடித்துச் சொல்லைத் தேடவும் முடியாது, சரியாக அகரவரிசைப்படுத்தவும் முடியாது.

ஓமலூர் பக்கத்துப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெறும்போது, தன் பணிக்காலத்தில் சேர்த்த வினா வங்கி முழுவதையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். வரைபட வினா, காலக்கோடு, மெல்லக் கற்போருக்கான எளிய வினா என்று பாடவாரியாகப் பிரித்து வைத்திருந்தார். அவருக்குப் பின் வந்த டீச்சர் அதை இணையத் தேர்வாக்க நினைத்து முதல் கோப்பைத் திறந்தார். திரை நிறைய ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். பாமினியை நிறுவிப் பார்த்தோம். முதல் பருவத்து வினாக்கள் தமிழாயின. இரண்டாம் பருவம் ஆகவில்லை. அது வேறொரு எழுத்துருவில் இருந்தது, மூன்றாம் பருவம் இன்னொன்றில். அந்தந்த ஆண்டு எந்த அச்சுக்கடையில் அடித்தாரோ அந்தக் கடையின் எழுத்துரு. பாமினி, வானவில், ஸ்ரீலிபி ஒவ்வொன்றுக்கும் விசை வரிசை வேறு, மாற்றும் முறையும் வேறு.

“மாற்றி மென்பொருள்தான் இருக்கிறதே” என்பார்கள். இருக்கிறது, உரைநடைக்கு ஓரளவு உதவும். அறிவியல், கணக்கு வினாத்தாளைக் கொடுத்துப் பாருங்கள். அதற்குத் தமிழ் எது, உண்மையான ஆங்கில எழுத்து எது என்று தெரியாது. இயற்கணிதத்தில் வரும் எக்ஸ் ‘ஒ’ ஆகிவிடும். ஒய் ‘ல’ ஆகிவிடும். நீரின் மூலக்கூறு வாய்பாடு என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். வரிக்கு வரி உட்கார்ந்து திருத்துவதற்குள் புதிதாகவே அடித்துவிடலாம். அந்த டீச்சர் கடைசியில் அதைத்தான் செய்தார், அதுவும் மிகச் சிறு பகுதியை மட்டும். மீதி இன்னும் அந்தப் பென் டிரைவில் கிடக்கிறது. அத்தனை உழைப்பும் எழுத்துருவால் வீணாயிற்று என்பதை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இதைவிட என்னைக் கோபப்படுத்துவது வேறொன்று. மேல்நிலை வகுப்பில் பார்வைக் குறைபாடுள்ள ஒரு மாணவி. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளின் உதவியோடு யாரையும் எதிர்பாராமல் படிக்கப் பழகியிருந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆசிரியர் அனுப்பிய பாடக்குறிப்பைத் திறந்தால், கணினி அவள் காதில் பொருளற்ற ஆங்கில ஒலிகளைக் கொட்டியது. தமிழ்ப் பாடக்குறிப்பு அது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் இருந்திருந்தால் அப்படியே வாசித்துக் காட்டியிருக்கும். பக்கத்தில் இருந்த தோழி வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டியதாயிற்று.

இத்தனைக்கும் தீர்வு புதியதல்ல. 1991-இல் வந்த முதல் யூனிகோடு பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. விண்டோஸ் 2000-இலேயே லதா என்ற யூனிகோடுத் தமிழ் எழுத்துரு வந்துவிட்டது. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடைத் தர நிர்ணயமாக அறிவித்துவிட்டது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் உருவான தமிழ்99 விசைப்பலகையை என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்களில் பயன்படுத்தலாம். பாமினி விசை வரிசை கைக்குப் பழகிவிட்டது என்பவருக்கும் வழியுண்டு: என்எச்எம் ரைட்டரில் அதே விசைகளை அழுத்தியே யூனிகோடில் எழுதலாம். எனவே ‘விரல் பழக்கம்’ என்ற காரணத்தை நான் ஏற்பதில்லை.

அச்சுக்கடைக்காரர்கள் பழைய எழுத்துருவைக் கேட்பது உண்மைதான். அவர்கள் இன்னும் நம்பியிருக்கும் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கருக்கு யூனிகோடுத் தமிழ் வராது. அது அவர்கள் சிக்கல். நீங்கள் யூனிகோடில் அடித்து, பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தால் எந்தக் கடையிலும் அச்சாகும். மூலக் கோப்பு உங்களிடம் இருக்கட்டும்; பிடிஎஃப்பை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள்.

உங்கள் கோப்பு எதில் இருக்கிறது என்று சந்தேகமா? ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகத் தெரிந்தால் யூனிகோடு. இல்லையென்றால் இன்றைக்கே மாற்றத் தொடங்குங்கள். அந்த எழுத்துரு இருக்கும் கணினி பழுதாகும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஒரே போனில் இரண்டு பிள்ளைகள் இருப்பதை மறப்பது

கூகுள் படிவத்தில் ‘ஒருவருக்கு ஒரு பதில்’ என்ற கட்டுப்பாட்டைப் புதியவர்கள் ஆசையாகப் போடுகிறார்கள், மாணவன் இரண்டு முறை எழுதிவிடக் கூடாது என்று. அந்தக் கட்டுப்பாடு கணக்கைத்தான் பார்க்கும், பிள்ளையைப் பார்க்காது. அப்பாவின் போனில் இருப்பது ஒரே கணக்கு. அதுவும் போன் வாங்கிய கடையில் யாரோ தொடங்கிக் கொடுத்தது. ஒரே வகுப்பில் படிக்கும் இரட்டையரோ பெரியப்பா பையனோ அதே போனில் எழுத வந்தால், ‘நீங்கள் ஏற்கெனவே பதிலளித்துவிட்டீர்கள்’ என்று படிவம் கதவைச் சாத்திவிடும். விடைத்தாளைப் படமெடுத்துப் பதிவேற்றச் சொன்னாலும் கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டும். 13 வயது ஆகாத பிள்ளைக்குத் தானாகத் தொடங்கும் கணக்கு கிடையாது. கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, பெயரையும் வகுப்பு எண்ணையும் கேளுங்கள். இருமுறை வந்ததை அட்டவணையில் பார்த்து நீக்கிக்கொள்ளலாம்.

நேரமும் முக்கியம். சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கும் கொண்டலாம்பட்டியில் தறிக்கும் போகும் அப்பாவோடு போனும் போய்விடும். மாலை ஆறு மணிக்குப் படிவத்தை மூடினால், நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கும் பூஜ்யம்தான். மறுநாள் காலைவரை திறந்து வையுங்கள்.

சிறுவிடை வினாவைத் தானாகத் திருத்தச் சொல்லாதீர்கள். ‘காவிரி’ சரி, ‘காவிரி ஆறு’ தவறு என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிடும்.

பள்ளியின் கோப்புகளைச் சொந்த ஜிமெயிலில் வைப்பது

பொது மாறுதல் கலந்தாய்வில் நீங்கள் ஆத்தூருக்கோ மேட்டூருக்கோ போய்விடுவீர்கள். படிவங்கள், மதிப்பெண் அட்டவணைகள், பள்ளி யூடியூப் சேனல் எல்லாம் உங்களோடு போய்விடும். பள்ளியின் பெயரில் ஒரு கணக்கு தொடங்குங்கள். தலைமையாசிரியரும் இன்னொருவரும் கடவுச்சொல்லை அறிந்திருக்க வேண்டும். மீட்பு எண்ணாக உங்கள் எண்ணை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அதற்கு வரும் ஓடிபிக்காகப் பள்ளியில் உள்ளவர்கள் உங்களைத் தேடி அலைவார்கள். இரண்டு ஆண்டுகள் யாரும் நுழையாத தனிநபர் கணக்கைக் கூகுள் நீக்கிவிடலாம் என்பதையும் நினைவில் வைத்து, பருவத்துக்கு ஒருமுறையாவது உள்ளே போய் வாருங்கள்.

மாணவர் பட்டியலை ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று திறந்து வைப்பது

ஆதார் எண்ணும் பெற்றோர் செல்போன் எண்ணும் அதில் இருக்கின்றன. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தை. இன்றே மூடுங்கள்.

மலைமேல் யூடியூப் இணைப்பை நம்பிப் பாடம் தயாரிப்பது

ஏற்காட்டுப் பள்ளிகளுக்கு மாறுதலாகிப் போகிறவர்கள் ஏரிக்கரையில் கிடைக்கும் சிக்னலைப் பார்த்து ஏமாந்துவிடுகிறார்கள். அங்கிருந்து மாரமங்கலம் பக்கம் போய்ப் பாருங்கள். வளைவுக்கு வளைவு மாறும், மூடுபனியும் மின்தடையும் சேர்ந்த நாளில் சுத்தமாக இராது. வகுப்பு நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும் திரையைப் பிள்ளைகள் எவ்வளவு நேரம் பார்ப்பார்கள்? நமது பாடநூல்களின் கியூஆர் கோடு திறக்கும் திக்ஷா செயலியில் பாடங்களைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. வார இறுதியில் சேலத்துக்கு இறங்கும்போதே அடுத்த வாரப் பாடத்தை இறக்கிக்கொண்டு மலையேறுங்கள். உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளிடம் போனே இருக்காது. காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் எஸ்டேட் வேலைக்குப் போகும் பெற்றோர் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார்கள். அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் அனுப்பிவிட்டு, ‘கொடுத்துவிட்டேன்’ என்று பதிவேட்டில் எழுதுவது நியாயமல்ல. அச்செடுத்துக் கையில் கொடுங்கள்.

பிளக்கைப் பிடுங்காமல் பூட்டிவிட்டுப் போவது

கோடை இடியில் போவது புரொஜெக்டரும் யுபிஎஸ்ஸும் மட்டுமல்ல. நெட்வொர்க் கேபிள் வழியாகவும் மின்னல் வரும், அதையும் கழற்றுங்கள்.