எல்சாட் தேர்வு: அட்டவணை போடும் முன்பே நடக்கும் தவறுகள்

அமெரிக்க, கனடியச் சட்டக் கல்லூரிகளில் சேர எல்சாட் எழுதுகிறவர்களில் பலர் முதல் வேலையாக ‘தினம் 4 மணி நேரம், வாரம் 2 மாதிரித் தேர்வு’ என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். எங்கே சறுக்குகிறோம் என்று தெரியாமல் நேரத்தை மட்டும் பங்கு போட்டு என்ன பயன்? முதலில் ஒரு முழு மாதிரித் தேர்வை நேரம் வைத்து எழுதுங்கள். மதிப்பெண் 120-க்கும் 180-க்கும் இடையில் எங்கே விழுந்தாலும் சரி, அதை யாரும் பார்க்கப் போவதில்லை.

பழைய புத்தகத்தை நம்பித் திட்டம் போடுகிறவர்களும் உண்டு. விதிகளைக் கொண்டு புதிர் விடுவிக்கும் லாஜிக் கேம்ஸ் பகுதி 2024 ஆகஸ்டிலேயே போய்விட்டது. இப்போது மதிப்பெண் தருபவை குட்டி வாதங்களை அலசும் தர்க்கப் பகுதி இரண்டு, வாசிப்புப் பகுதி ஒன்று. ஒவ்வொன்றும் 35 நிமிடம். கணக்கில் சேராத இன்னொரு பகுதியும் நடுவில் கலந்து வரும். அது எது என்று சொல்ல மாட்டார்கள். மூன்றே பகுதி எழுதிப் பழகியவர் நான்காவதில் திணறிப்போவார்.

இருப்பதிலேயே பெரிய தவறு, மதிப்பெண்ணைக் குறித்துவிட்டு மறுநாளே அடுத்த தேர்வுக்குத் தாவுவது. ‘சைக்கிள் பாதை போட்டார்கள், விபத்து குறைந்தது, ஆகவே பாதைதான் காரணம்’ என்று ஒரு வாதம். இதைப் பலவீனமாக்குவது எது என்பது கேள்வி. நீங்கள் ‘பாதைக்கு நிறையச் செலவானது’ என்று குறித்தீர்கள். சரியான விடையோ ‘அதே மாதம் வேகக் கட்டுப்பாடும் வந்தது’. நோட்டில் ‘கவனக்குறைவு’ என்று எழுதினால் அது வெறும் சமாதானம். ‘வேறு காரணம் உண்டா என்று தேடவில்லை, திட்டம் நல்லதா கெட்டதா என்று யோசிக்கப் போய்விட்டேன்’ என்று எழுதுங்கள். இப்படிப் பத்துக் குறிப்பு சேர்ந்தால், அடுத்த வாரம் எதைப் படிப்பது என்று நோட்டே சொல்லிவிடும்.

விடையைப் பார்க்கும் முன், சந்தேகமான கேள்விகளைக் கடிகாரம் இல்லாமல் இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். இப்போது சரியாக வந்தால் பிரச்சினை வேகத்தில். அப்போதும் தப்பினால் புரிதலில். இரண்டுக்கும் மருந்து வேறு.

தப்பான விடைக்கு மதிப்பெண் குறையாது, அதனால் எதையும் காலியாக விடாதீர்கள். ‘சும்மா ஒரு தடவை எழுதிப் பார்ப்போம்’ என்பதும் வேண்டாம், வாழ்நாளில் மொத்தம் 7 முறைதான் அனுமதி.

அப்புறம், வாதக் கட்டுரை. அது தனியாக எழுத வேண்டியது என்பதால் பலருடைய அட்டவணையில் அதற்கு இடமே இருப்பதில்லை. முதல்முறை எழுதுகிறவர் அதை முடிக்கும்வரை மதிப்பெண் வெளியாகாது.