கத்தோலிக்கப் பள்ளி வாரியத்தில் யார் யார்? மெல்பர்ன் பெற்றோருக்கு ஒரு வாசிப்பு முறை

பள்ளி நிர்வாகத்தின் ஆண்டறிக்கையில் இயக்குநர்களின் படங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் நாலைந்து வரி. பெரும்பாலான பெற்றோர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுக் கட்டண விவரத்துக்குப் போய்விடுகிறார்கள். கட்டணம் ஏன் அவ்வளவு, பக்கத்துக் கோயில் பங்கின் பள்ளிக்குப் புதுக் கட்டடம் வந்து நம் பள்ளிக்கு ஏன் வரவில்லை, புகார் கொடுத்தால் யார் காதில் விழும் என்பதற்கெல்லாம் விடை பாதி அந்த நாலைந்து வரிகளில்தான் இருக்கிறது. அதை எப்படி வாசிப்பது, எங்கே சரிபார்ப்பது என்பதே இந்தக் குறிப்பு. ஒரு மாலைப்பொழுதும் ஒரு தாளும் போதும்.

சரியான வாரியத்தைத்தான் பார்க்கிறீர்களா?

பலர் சறுக்கும் இடம் இது. பள்ளிக்கூடத்தில் மாதம் ஒருமுறை கூடும் பெற்றோர் குழுவை 'போர்டு' என்று அழைப்பது பழைய பழக்கம். மெல்பர்ன் உயர் மறைமாவட்டத்தின் (பேராயரின் ஆளுகைப் பகுதியின்) பள்ளிகளில் அது ஆலோசனைக் குழு மட்டுமே. தலைமையாசிரியரை நியமிப்பதோ வரவுசெலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவதோ அதன் கையில் இல்லை.

ஆளும் வாரியம் வேறு. 2020 வரை தொடக்கப் பள்ளிகளைப் பெரும்பாலும் அந்தந்தப் பங்குத்தந்தையே நிர்வகித்தார். ஆசிரியர்களுக்கு முதலாளியும் அவர்தான். 2021 ஜனவரி 1 முதல் அந்தப் பொறுப்பு 'மெல்பர்ன் ஆர்ச்டயசிஸ் கத்தோலிக் ஸ்கூல்ஸ்' என்ற கம்பெனிக்குப் போனது. எல்லோரும் சுருக்கி 'மேக்ஸ்' என்பார்கள். ஏறக்குறைய 300 பள்ளிகள் அதன் கீழ் உள்ளன. விக்டோரியாவின் மற்ற மூன்று மறைமாவட்டங்களான சேல், பல்லாரட், சாண்ட்ஹர்ஸ்ட் ஆகியவற்றிலும் இதே மாதிரிக் கம்பெனிகள் இருக்கின்றன.

ஆனால் எல்லாக் கத்தோலிக்கப் பள்ளியும் மறைமாவட்டப் பள்ளி அல்ல. துறவற சபைகள் தொடங்கிய மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றைத் தனி அமைப்புகள் நடத்துகின்றன: மெர்சி எஜுகேஷன், எட்மண்ட் ரைஸ் எஜுகேஷன் ஆஸ்திரேலியா, கில்டேர் மினிஸ்ட்ரீஸ் போன்றவை. மகன் மேக்ஸ் தொடக்கப் பள்ளியிலும் மகள் மெர்சி கல்லூரியிலும் படித்தால், உங்கள் வீட்டுக்கு இரண்டு வாரியங்கள். பள்ளி இணையதளத்தின் தனியுரிமைக் கொள்கையில், அல்லது சேர்க்கை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், நடத்தும் நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயர் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மேலே யார்?

அந்தப் பெயரை ஆஸ்திரேலிய அறநிறுவன ஆணையமான ஏசிஎன்சியின் பதிவேட்டில் தேடுங்கள். இலவசம்தான். பொறுப்பில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் ஒரு தாவலில் இருக்கும். அமைப்பு விதிகளும் ஆண்டு நிதி அறிக்கைகளும் இன்னொன்றில். நிறுவன இணையதளத்தில் உள்ள பெயர்களும் பதிவேட்டில் உள்ள பெயர்களும் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பாருங்கள். யாராவது விலகியிருந்தால் இணையதளம் பல நேரம் பின்தங்கியிருக்கும்.

அடுத்து அமைப்பு விதிகளைத் திறந்து மூன்றை மட்டும் தேடுங்கள்: கம்பெனியின் உறுப்பினர் யார், இயக்குநரை நியமிப்பதும் நீக்குவதும் யார், எந்த முடிவுகளுக்கு உறுப்பினரின் அனுமதி தேவை. மேக்ஸில் ஒரே உறுப்பினர் மெல்பர்ன் பேராயர். இத்தகைய விதிகளில் பள்ளி திறப்பது, மூடுவது, நிலம் விற்பது போன்றவை வழக்கமாக வாரியத்துக்கு மேலே போகும். இயக்குநர்கள் எவ்வளவு பெரிய ஆள்களாக இருந்தாலும் அந்த எல்லைக்குள்தான் அவர்களால் நகர முடியும். துறவற சபைப் பள்ளிகளிலும் பேராயருக்கு முழுக்கக் கதவடைப்பு இல்லை: திருச்சபைச் சட்டத்தின் 806ஆம் விதி தன் எல்லைக்குள் உள்ள எல்லாக் கத்தோலிக்கப் பள்ளிகளையும் கண்காணிக்கும் உரிமையை ஆயருக்குத் தருகிறது, 803ஆம் விதிப்படி அனுமதியில்லாமல் 'கத்தோலிக்கப் பள்ளி' என்ற பெயரையே வைக்க முடியாது.

கட்டம் போட்டுப் பாருங்கள்

தாளில் இடப்பக்கம் இயக்குநர் பெயர்கள். மேலே எட்டுத் தலைப்புகள்: பள்ளி நடத்திய அனுபவம், நிதியும் தணிக்கையும், சட்டம், குழந்தைப் பாதுகாப்பு, கட்டடமும் நிலமும், பணியாளர் விவகாரம், தகவல் தொழில்நுட்பம், இறையியலும் திருச்சபைச் சட்டமும். ஒவ்வொருவருக்கும் 0 முதல் 3 வரை போடுங்கள். அந்த வேலையே பிழைப்பாக இருந்து, பெரிய நிறுவனம் ஒன்றில் முடிவுக்குக் கையெழுத்தும் போட்டவர் என்றால் 3. அதே தொழில், சிறிய அளவு என்றால் 2. ஏதோ ஒரு குழுவில் இருந்தார் என்றால் 1. மற்றதெல்லாம் 0.

இங்கே கை தாராளமாகிவிடும். ஒரு குறிப்பு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "கல்வியில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்ட தலைவர், பல அமைப்புகளின் வளர்ச்சிக்கு வழிகாட்டியவர், மூன்று பிள்ளைகளும் கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர்கள்." கல்வித் தலைப்பில் இதற்குப் பூஜ்யம்தான். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது பள்ளி நடத்துவது ஆகாது. இன்னொன்று: "மருத்துவமனைக் குழுமம் ஒன்றில் ஆறு ஆண்டு தலைமை நிதி அதிகாரி, பிறகு அதன் தணிக்கைக் குழுத் தலைவர்." நிதியில் 3, மற்ற ஏழிலும் 0. கௌரவமான பூஜ்யங்கள், அவரிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. வினைச்சொல்லைத் தேடுங்கள்: தணிக்கை செய்தார், கட்டினார், மூடினார், வழக்காடினார். வெறும் பெயரடைகளுக்கு மதிப்பெண் கிடையாது.

பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளிலும் கவனம் வேண்டும். 'ஜிஏஐசிடி' என்றால் ஆஸ்திரேலிய கம்பெனி இயக்குநர்கள் நிறுவனத்தின் பயிற்சியை முடித்துத் தேறியவர். வாரியத்தில் எப்படி நடந்துகொள்வது என்று தெரியும். பள்ளியைப் பற்றித் தெரியும் என்பதற்கு அது சான்றல்ல. 'எஃப்சிபிஏ', 'எஃப்சிஏ' மூத்த கணக்காளர்கள். 'ஓஏஎம்', 'ஏஎம்' நாட்டு விருதுகள்; எதற்காகக் கொடுத்தார்கள் என்று பார்க்காமல் மதிப்பெண் போடாதீர்கள். 'ஜேசிஎல்' திருச்சபைச் சட்டப் பட்டம். 'எஸ்ஜே' இயேசு சபைத் துறவி, 'ஆர்எஸ்எம்' மெர்சி சபைச் சகோதரி. துறவியர் பலர் நாற்பது ஆண்டு பள்ளிக்கூடத்தில் கழித்தவர்களாக இருப்பார்கள். அங்கியைப் பார்த்து இறையியல் கட்டத்தில் மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

கட்டம் நிரம்பியதும் நெடுக்காகப் படியுங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் 2 அல்லது 3 வாங்கியவர் குறைந்தது இருவர் வேண்டும். ஒருவர் மட்டும் என்றால் மற்றவர்கள் அந்த விஷயத்தில் யோசிப்பதையே நிறுத்திவிடுவார்கள். "அதை அவர் பார்த்துக்கொள்வார்" என்பதே வாரியத்தின் பதிலாகிவிடும். ஒரே ஒரு வழக்கறிஞர் இருக்கும் வாரியத்தில் இது இன்னும் சிக்கல். அவர் கம்பெனியின் வழக்கறிஞர் அல்ல, இயக்குநர். ஆனாலும் எல்லோரும் அவர் வாயிலிருந்து இலவச ஆலோசனை எதிர்பார்ப்பார்கள், வெளியிலிருந்து முறையான கருத்து வாங்க வேண்டிய நேரத்திலும்.

நிதித் தலைப்பில் இன்னொரு கேள்வியும் உண்டு: பள்ளி நிதி தெரிந்தவரா? தனியார் பள்ளிகளுக்கான அரசு உதவி, ஒரு பள்ளிக்கு எவ்வளவு பணம் தேவை என்று மதிப்பிடும் 'ஸ்கூலிங் ரிசோர்ஸ் ஸ்டாண்டர்ட்' என்ற அளவுகோலில் தொடங்குகிறது. அதில் கூட்டாட்சி அரசின் இலக்குப் பங்கு 80 சதவீதம், மாநிலத்தின் பங்கு 20. பெற்றோரின் வருமானத் தரவை வைத்து ஒவ்வொரு பள்ளிக்கும் தொகை கணக்கிடப்பட்டாலும், பணம் அமைப்புக்கு மொத்தமாகத்தான் வரும். அமைப்பு தன் சூத்திரப்படி அதைப் பிரித்துக் கொடுக்கலாம், தேவை அடிப்படையில் என்ற நிபந்தனையோடு. அந்தச் சூத்திரத்தைப் புரட்டிக் கேள்வி கேட்கத் தெரிந்தவர் வாரியத்தில் இல்லையென்றால், நிர்வாகம் கொண்டுவரும் அட்டவணை அப்படியே நிறைவேறும். வங்கியில் கொடிகட்டிப் பறந்தவருக்கும் இது புதுப் பாடம்தான்.

குழந்தைப் பாதுகாப்புத் தலைப்பில் தாராளம் கூடாது

டண்டினோங்கை ஒட்டிய டவ்டன் என்ற புறநகரில் ஹோலி ஃபேமிலி பங்கும் பள்ளியும் உள்ளன. 1984இல் பீட்டர் சியர்சன் என்ற குரு அங்கே பங்குத்தந்தையாக வந்தார். பிள்ளைகளிடம் அவர் நடந்துகொண்ட விதம் பற்றித் தலைமையாசிரியர் கிரேம் ஸ்லீமன் மேலிடத்துக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார். எதுவும் நடக்காததால் 1986இல் வேலையை விட்டார். சியர்சன் 1997 வரை அங்கேயே இருந்தார். நிறுவனங்களில் குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை பற்றிய அரச விசாரணை ஆணையம் இந்த வழக்கைத் தோண்டியெடுத்தது. பேராயரகத்துக்கும் அதன் கத்தோலிக்கக் கல்வி அலுவலகத்துக்கும் புகார்கள் தெரிந்திருந்தும் செயல்படவில்லை என்பது வெளியே வந்தது. குற்றம் சாட்டப்பட்டவரே பள்ளியின் அதிகாரியாகவும் இருந்தால் தலைமையாசிரியர் யாரிடம் போவார்? பங்குத்தந்தையின் கையிலிருந்து கம்பெனிக்கு நிர்வாகம் மாறியதற்குப் பின்னால் இந்தக் கேள்வி இருக்கிறது.

ஆகவே இந்தத் தலைப்பில் 'வொர்க்கிங் வித் சில்ட்ரன்' என்ற பின்னணிச் சோதனையில் (குழந்தைகளோடு வேலை செய்பவர்களுக்கானது) தேறியதற்கு மதிப்பெண் கிடையாது. அது நுழைவுச்சீட்டு. 3 பெறத் தகுந்தவர்கள் குழந்தை நலத் துறையில் வழக்குகளைக் கையாண்ட சமூகப் பணியாளர், சிறார் குற்றப் பிரிவில் இருந்த காவல் அதிகாரி, குழந்தை உளவியலாளர் போன்றவர்கள். இப்படி ஒருவர் இருந்தால் வாரியக் கூட்டத்தில் கேள்வியே மாறும். "கொள்கை இருக்கிறதா?" என்று கேட்பதற்குப் பதில், "கடந்த காலாண்டில் எத்தனை புகார், ஒவ்வொன்றும் சட்டம் சொல்லும் மூன்று வேலை நாளுக்குள் அறிவிக்கப்பட்டதா?" என்று கேட்பார். விக்டோரியாவில் 2017 ஜூலை முதல் நிறுவனத் தலைவர் மீது உள்ள அறிவிப்புக் கடமை அது. குழந்தையைக் காக்கும் அதிகாரம் கையில் இருந்தும் அலட்சியமாகக் காக்கத் தவறுவது 2015 ஜூலை முதல் அங்கே குற்றம். ஐந்தாண்டு வரை சிறை.

உறவும் கொடுக்கல் வாங்கலும்

கட்டத்தின் வலப்பக்கம் ஒரு தனிப் பத்தி விடுங்கள். குருகுல முதல்வர் (நிர்வாகத்தில் பேராயருக்கு அடுத்த நிலையில் உள்ள குரு), மறைமாவட்டச் சம்பளத்தில் இருப்பவர், இதே கல்வி அலுவலகத்தின் முன்னாள் அதிகாரி, பள்ளிக் கட்டடங்களை வடிவமைக்கும் நிறுவனத்தின் பங்குதாரர், மறைமாவட்டத்துக்கு வழக்காடும் நிறுவனத்தில் இருப்பவர்: இவர்கள் பெயருக்கு எதிரே ஒரு குறி போடுங்கள். இவர்கள் கெட்டவர்கள் என்று அர்த்தமில்லை. குருகுல முதல்வர் பேராயரின் மனம் அறிந்தவர், அந்தப் பயன் உண்டு; பேராயருக்கு எதிராக அவர் வாக்களிப்பார் என்று மட்டும் எதிர்பார்க்க முடியாது. குறியிட்டவர்கள் பாதிக்கு மேல் போனால் அது கவலைக்குரியது.

ஆண்டு வருமானம் 30 லட்சம் டாலரைத் தாண்டும் அறநிறுவனம் தணிக்கை செய்த அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். அதன் பின்பகுதிக் குறிப்புகளில் 'தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனை' என்ற தலைப்பு இருக்கும். முதலில் அங்கே போங்கள். யார், என்ன சேவை, எவ்வளவு தொகை என்பது அங்கேதான் தெரியும்.

சரிபார்ப்பு

ஆசிரியர் என்று சொல்லிக்கொண்டால் விக்டோரியா ஆசிரியர் நிறுவனத்தின் பொதுப் பதிவேடு; வழக்கறிஞர் என்றால் மாநிலச் சட்டச் சேவை வாரியத்தின் பதிவேடு; கம்பெனி நடத்தத் தடைபெற்றவரா என்பதற்கு, கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆசிக் அமைப்பின் தடைப் பட்டியல். மூன்றும் இலவசம். பெயர் மட்டும் பொருந்தினால் அவசரப்பட்டு முடிவுக்கு வராதீர்கள். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். திவால்நிலையிலிருந்து விடுபடாதவர் இயக்குநராக இருக்கவே முடியாது.

நம் ஆள் யாரும் இல்லையே என்றால்

டண்டினோங், கிளேட்டன் பக்கத் தமிழ்க் குடும்பங்களிடம் இந்தக் கேள்வி எழுவது இயல்பு. ஆனால் இயக்குநர் ஒரு சமூகத்தின் பிரதிநிதியாக உட்காருவதில்லை. அவர் கடமை நிறுவனத்துக்கு. "தமிழருக்காகப் பேசுவேன்" என்று விண்ணப்பத்தில் எழுதினால் அது பாதகமாகத்தான் முடியும். அதைவிட உங்கள் தொழில் எந்தத் தலைப்பில் 3 வாங்கும் என்று பாருங்கள். அந்தத் தலைப்பில் வாரியம் காலியாக இருந்தால் அதை விண்ணப்பத்தின் முதல் வரியில் எழுதுங்கள்.

நேரே வாரியத்துக்குப் போவது கடினம். பள்ளியின் ஆலோசனைக் குழு அல்லது பங்கின் நிதிக் குழுவில் ஓரிரு ஆண்டு இருங்கள். துணைக்குழுக்களில், குறிப்பாகத் தணிக்கை இடர்க் குழுவில், வெளியாருக்கு இடம் இருக்கிறதா என்று நிறுவனச் செயலரிடம் கேளுங்கள். இயக்குநராகும் முன் இரண்டைக் கையில் வைத்திருப்பது நல்லது: தொண்டர்களுக்குக் கட்டணமில்லாத, ஐந்தாண்டு செல்லும் 'வொர்க்கிங் வித் சில்ட்ரன்' அட்டை ஒன்று, 15 இலக்க இயக்குநர் அடையாள எண் மற்றொன்று. இந்த எண்ணும் இலவசம்தான், ஆயுளுக்கும் ஒன்றே. நியமனத்துக்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். நியமனத்துக்கு முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

விண்ணப்பிக்கும் எண்ணமில்லாதவர்கள் தங்கள் கட்டத்தில் காலியாகத் தெரியும் தலைப்பைக் குறிப்பிட்டு நிறுவனச் செயலருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதலாம்: "இந்தத் துறையில் வாரியத்துக்கு யார் ஆலோசனை தருகிறார், அடுத்த நியமனத்தில் இது கணக்கில் எடுக்கப்படுமா?" இயக்குநர் யாருடைய பெயரையும் அதில் இழுக்காதீர்கள். பெயர் சொல்லிக் குறை கூறினால் அது புகார்ப் பிரிவுக்குத் திருப்பிவிடப்படும், வாரிய மேசைக்கு வராது.