ஒரே கை, இரண்டு மண்: பொஜொலே ஒயினில் தெர்வாரைச் சுவைத்துப் பார்ப்பது எப்படி?

பிரெஞ்சு ஒயின் பற்றிப் பேச்செடுத்தாலே 'தெர்வார்' வந்துவிடும். மண், சரிவு, வெயில், காற்று எல்லாம் சேர்ந்து ஒரு தோட்டத்துக்குத் தரும் குணம் அது. நாக்கில் அது தெரிகிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். திராட்சை ரகம், அறுவடை ஆண்டு, தயாரித்தவர் மூன்றும் மாறக் கூடாது. மண் மட்டும் மாற வேண்டும்.

இதற்குத் தோதான இடம் பிரான்சின் பொஜொலே வட்டாரம். அங்கே சிவப்பு ஒயினுக்கு ஏறக்குறைய முழுக்கக் கமே என்ற ஒரே ரகம்தான். வடபகுதியில் 10 இடங்களுக்குத் தம் பெயரிலேயே ஒயினை விற்கும் உரிமை உண்டு; கடைசியாகச் சேர்ந்தது ரெஞ்ஞே, 1988-இல்.

1. பாட்டில் தேர்வு

அந்தப் பத்து இடங்களில் இரண்டிலிருந்து இரண்டு பாட்டில் போதும்: மொர்கோனில் கோட் து பி குன்றின் ஒயின் ஒன்று, ஒரு ஃப்ளூரி. ஃப்ளூரியில் இளஞ்சிவப்பு கிரானைட் உதிர்ந்த மணல். கோட் து பி குன்றில், உள்ளூரார் 'அழுகிய பாறை' என்றே சொல்லும் நொறுங்கும் பாறை. ழான் ஃபொயார் போன்ற சிறு தயாரிப்பாளர்கள் இரண்டையும் செய்கிறார்கள். ஃப்ளூரி கிடைக்காவிட்டால் அவருடைய கோர்ஸ்லெத் வாங்கலாம். அதுவும் மொர்கோன்தான், ஆனால் மணற்பாங்கான நிலம்.

லேபிளில் 'மீஸ் ஆன் பூத்தேய் ஓ தொமேன்' என்று இருக்கிறதா பாருங்கள். தோட்டக்காரரே பாட்டிலில் அடைத்தார் என்று பொருள். மரப்பீப்பாயைத் தோளில் சுமக்கும் உருவ முத்திரை இருந்தால் அது சுயேச்சைத் தயாரிப்பாளர்களின் சங்கச் சின்னம்.

நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை சந்தைக்கு வரும் 'நூவோ' வேண்டாம். அவசரமாகப் புளிக்கவைத்த அந்த ஒயினில் வாழைப்பழ வாசம்தான் முன்னே நிற்கும். அது தயாரிப்பு முறையும் ஈஸ்ட்டும் தருவது. புது ஓக் பீப்பாயில் வைத்த ஒயினும் இந்தச் சோதனைக்கு ஆகாது, மரவாசம் எல்லாவற்றையும் மூடிவிடும்.

2. குளிர்ச்சி

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். 'அறை வெப்பநிலை' என்ற பழைய அறிவுரை நம் ஊர் 30 டிகிரிக்குப் பொருந்தாது. அந்தச் சூட்டில் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும். கமேவுக்கு 14 டிகிரி சரி. வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் நிரப்பிப் பாட்டிலைக் கால் மணி நேரம் வையுங்கள். வெறும் ஐஸில் இடைவெளி விழும், குளிர் மெதுவாகத்தான் ஏறும். தெர்மாமீட்டர் இருந்தால் முதல் கிளாஸில் பார்த்துக்கொள்ளுங்கள். 10 டிகிரிக்குக் கீழே போனால் வாசம் அடங்கித் துவர்ப்பு தூக்கலாகும்.

3. ஊற்றுவதும் சுவைப்பதும்

ஒரே அளவுள்ள கிளாஸ்கள், ஒவ்வொன்றிலும் 50 மில்லி. முதலில் கிளாஸை ஆட்டாமல் முகருங்கள், பிறகு சுழற்றி முகருங்கள். ஒரு வாய் எடுத்து ஐந்து வினாடி நாக்கில் உருட்டுங்கள். விழுங்க வேண்டும் என்றில்லை, தொழில்முறைக்காரர்கள் துப்பத்தான் செய்வார்கள்.

வாசனைப் பட்டியல் எழுத மெனக்கெட வேண்டாம். துவர்ப்பு எங்கே பிடிக்கிறது, புளிப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்ற இரண்டை மட்டும் குறியுங்கள். ஃப்ளூரி பொதுவாக மெல்லியது, பூவாசம் உடையது, துவர்ப்பு நைசாக இருக்கும். கோட் து பி கனமானது. கறுத்த செர்ரி வாசம், ஈறில் பிடிக்கும் துவர்ப்பு. கல்லே கரைந்து சுவையாக வருகிறது என்று நம்பிவிடாதீர்கள். மண் எவ்வளவு நீரைப் பிடித்துவைக்கிறது, எவ்வளவு சூடாகிறது என்பதைப் பொறுத்துக் கொடியின் வளர்ச்சியும் பழத்தின் பருமனும் மாறுகின்றன. வித்தியாசம் அந்த வழியாகத்தான் வருகிறது.

4. மூன்று கிளாஸ் சோதனை

இரண்டு கிளாஸில் ஒரே ஒயின், மூன்றாவதில் மற்றது. இன்னொருவரை ஊற்றச் சொல்லி, வேறுபட்டது எது என்று கண்டுபிடியுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாக வரும் என்பதால், வரிசையை மாற்றி ஐந்தாறு தடவையாவது செய்யுங்கள்.

5. கோளாறு இருந்தால்

நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் என்றால் கார்க் கெட்டது, பாட்டிலையே மாற்ற வேண்டும். தீக்குச்சி வாசம் பெரும்பாலும் அரை மணி நேரக் காற்றோட்டத்தில் போய்விடும். விழுங்கிச் சில வினாடி கழித்து எலிப்புழுக்கை நாற்றம் எழுந்தால் அது சல்பைட் (கெடாமல் காக்கச் சேர்க்கும் பொருள்) குறைத்த ஒயின்களில் வரும் பாக்டீரியாக் கோளாறு. எச்சிலில் புளிப்பு குறைந்த பிறகே வெளிப்படுவதால் முகர்ந்தால் தெரியாது. இதை யாராவது தெர்வார் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் மறுபடி 14 டிகிரிக்குக் கொண்டுவந்து பாருங்கள். கோட் து பி பல சமயம் இரண்டாம் நாளில்தான் இறுக்கம் விடும்.