வேகப்பந்து வீசும் பிள்ளைக்கு முதுகுவலியா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

வேகப்பந்து வீசும் பையனுக்குக் கீழ்முதுகில் ஒரு பக்கம் மட்டும் வலித்தால், சுளுக்கு என்று முடிவு கட்டித் தைலம் தேய்த்து நீவி விடாதீர்கள். பெரும்பாலும் வலது கைக்காரனுக்கு இடது பக்கம் வலிக்கும், இடது கைக்காரனுக்கு வலது பக்கம். பந்தை விடும் நேரத்தில் முன்காலை ஊன்றும்போது உடல் எடையைப் போல் ஐந்து மடங்குக்கும் மேலான விசை மேலே ஏறுகிறது. முதுகோ அந்த நொடியில் வளைந்து, சாய்ந்து, திரும்பிக்கொண்டிருக்கிறது. அத்தனை அழுத்தமும் கடைசி முதுகெலும்புகளின் பின்பக்கத்தில் உள்ள ஒரு மெல்லிய பகுதியில் விழுகிறது. ஓய்வில்லாமல் வீசிக்கொண்டே இருந்தால் அங்கே விரிசல் விடும். இதுதான் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். இருபது வயதை ஒட்டிய பருவத்தில் எலும்பு இன்னும் முழுதாக முற்றியிருக்காது என்பதால் ஆபத்து கூடுதல்.

ஒற்றைக் காலில் நின்று பின்னால் வளையச் சொல்லுங்கள். அதே இடத்தில் சுருக்கென்று வலித்தால் அன்றே பந்துவீச்சை நிறுத்திவிட்டு விளையாட்டு மருத்துவரைப் பாருங்கள். வலிக்கவில்லை என்பதற்காகவும் விட்டுவிட வேண்டாம். வீசும்போது வலி தொடர்ந்தால் பரிசோதனை அவசியம்.

"எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றுமில்லை" என்று நெட்ஸ் (வலைப்பயிற்சி) ஆட அனுப்புவது அடுத்த தவறு. ஆரம்பக் கட்ட விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. விரிசல் விழுவதற்கு முன்பே எலும்புக்குள் ஏற்படும் வீக்கத்தைக்கூட எம்.ஆர்.ஐ. காட்டிவிடும்.

வலி போனதும் ஆட வந்துவிடுவதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. சில வாரங்களில் வலி அடங்கிவிடும், எலும்பு கூடுவதற்கோ மாதங்கள் ஆகும். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பாட் கம்மின்ஸ் 18 வயதில், 2011 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் முதல் டெஸ்டை ஆடி ஆட்ட நாயகனானார். முதுகு எலும்பு முறிவும் வேறு காயங்களும் சேர்ந்து, அடுத்த டெஸ்டை 2017 மார்ச்சில் ராஞ்சியில்தான் ஆட விட்டன. நம் இந்திய அணியின் பும்ராவுக்கு 2019-இல் வந்த முதுகுப் பிரச்சினை 2022-இல் திரும்பியது; 2023 மார்ச்சில் அறுவை சிகிச்சை, ஆகஸ்டில்தான் மறுவருகை. சிறந்த மருத்துவக் குழு கூடவே இருந்தவர்களுக்கே இந்த நிலை.

சரி, ஓய்வு என்றால் படுத்துக் கிடப்பதா? அதுவும் தவறுதான். மருத்துவர் அனுமதித்ததும் பிசியோ சொல்லும் வயிறு, இடுப்பு, கால் பயிற்சிகளைத் தொடங்க வேண்டும். அப்புறம் ஓட்டம், பிறகு சில அடிகள் மட்டும் ஓடி வந்து மெதுவாகச் சில பந்துகள், கடைசியில்தான் முழு வேகம். எந்தக் கட்டத்தில் வலித்தாலும் ஒரு படி பின்னால் போக வேண்டும்.

உணவு குறைந்தாலும், வைட்டமின் டி குறைந்தாலும் எலும்பு தேறாது. பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் தள்ளிப்போவது, விளையாட்டுக்கேற்ற சாப்பாடு போதவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம். மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எத்தனை பந்து வீசினான் என்று யாரும் எண்ணுவதில்லை. பள்ளி அணி, கிளப், அகாடமி என்று ஒவ்வொரு பயிற்சியாளரும் தன்னிடம் வீசியதை மட்டும்தான் பார்க்கிறார். தேர்வுக்காக இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டு, மே மாத முகாமில் தினமும் முழு வேகத்தில் வீசினால் முதுகு தாங்காது. நெட்ஸையும் சேர்த்து ஒவ்வொரு நாளும் வீசிய பந்துகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். அதை எல்லாப் பயிற்சியாளர்களிடமும் காட்டி, "இந்த வாரம் இதோடு போதும் சார்" என்று தயங்காமல் சொல்லுங்கள்.