புதிய ரிம்ஃபயர் அரைத்தானியங்கி ரைபிள்: துப்புரவும் கோளாறு கண்டறிதலும்

பாயிண்ட் 22 லாங் ரைபிள் தோட்டாவில் இயங்கும் புதிய அரைத்தானியங்கி ரைபிளை முதன்முறையாகச் சுடுதளத்துக்கு எடுத்துச் செல்பவர்களில் பலர், முப்பது நாற்பது தோட்டாக்களுக்குள் ஓர் அடைப்பைச் சந்தித்துவிட்டு, துப்பாக்கியே பழுதானது என்ற முடிவுடன் திரும்புகிறார்கள். பெரும்பாலும் அந்த முடிவு தவறு. இத்தகைய ரைபிளில் தோன்றும் தொல்லைகளுக்குத் தோட்டா, மேகசின் (தோட்டாக்களை நிரப்பிப் பொருத்தும் பெட்டி), அழுக்கு, எண்ணெய் ஆகிய நான்கில் ஒன்றே பெரும்பாலும் காரணமாக இருக்கும். அவற்றை அதே வரிசையில், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிப்பவருக்கு ஒரு திருகைக்கூடக் கழற்றாமலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இந்த வரிசை ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, துப்பாக்கி இயங்கும் விதத்தைச் சற்று அறிந்திருக்க வேண்டும். 1887இல் அறிமுகமான இந்தத் தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 2.6 கிராம் எடையுள்ளது. சாதாரண வேகத் தோட்டாவில் அது வினாடிக்குச் சுமார் 330 மீட்டர் வேகத்திலும், அதிவேகத் தோட்டாவில் சுமார் 380 மீட்டர் வேகத்திலும் புறப்படுகிறது. ஆற்றலாகக் கணக்கிட்டால் முன்னது சுமார் 140 ஜூல், பின்னது சுமார் 190 ஜூல். ரிம்ஃபயர் அரைத்தானியங்கிகளில், அதாவது விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் தோட்டாவைப் பயன்படுத்துபவற்றில், பெரும்பாலானவற்றில் தோட்டா அறையின் பின்வாயை மூடும் போல்ட்டைப் பூட்டி வைக்கும் அமைப்பு எதுவும் கிடையாது. போல்ட்டின் எடையும் அதன் பின்னுள்ள ஸ்பிரிங்கும்தான் அதைப் பிடித்து நிற்கின்றன. வெடித்த தோட்டாவின் கூடு பின்னோக்கித் தள்ளும் அந்தச் சிறிய விசையே போல்ட்டைப் பின்னே நகர்த்தி, காலிக் கூட்டை வெளியே எறிந்து, ஸ்பிரிங்கை அமுக்கி, அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றும் அளவுக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். மிச்ச விசை மிகக் குறைவு. தடித்த எண்ணெய்ப் படலமோ சற்றே வலுக் குறைந்த தோட்டாவோ அந்த மிச்சத்தைத் தின்றுவிட்டால் துப்பாக்கி திணறுகிறது.

முதலில் காலி செய்தல்

துப்புரவானாலும் சோதனையானாலும், கையில் எடுத்தவுடன் செய்ய வேண்டியது ஒன்றே. குழல்முனையைப் பாதுகாப்பான திசையில் வைத்து, விரலைச் சுடும் விசையிலிருந்து (டிரிகர்) விலக்கி, பாதுகாப்புப் பூட்டைப் போட்டு, மேகசினை முதலில் கழற்ற வேண்டும். அதன் பிறகுதான் போல்ட்டை இழுக்க வேண்டும். வரிசை மாறினால், உள்ளிருக்கும் தோட்டா வெளியேறிய அதே நொடியில் மேகசினிலிருந்து இன்னொன்று அறைக்குள் ஏறிவிடும். துப்பாக்கி காலி என்று நம்பிக்கொண்டிருப்பவர் கையில் நிரப்பிய துப்பாக்கி இருக்கும். போல்ட்டைத் திறந்த நிலையில் நிறுத்தி, தோட்டா அறையைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலால் தொட்டும் உறுதி செய்யுங்கள். துப்புரவு மேசை உள்ள அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது என்பதை நான் எனக்கு விதித்துக்கொண்ட விதியாகவே வைத்திருக்கிறேன்.

முதல் சுடுதலுக்கு முன்

தொழிற்சாலையிலிருந்து வரும் துப்பாக்கியின் மேல் பூசப்பட்டிருப்பது துருவைத் தடுப்பதற்கான எண்ணெய். உறுப்புகள் வழுக்கி ஓடுவதற்கான எண்ணெய் அன்று. சேமிப்புக் காலத்தில் அது பிசுபிசுப்பாக மாறியிருக்கவும் கூடும். எனவே, கையேட்டில் பயனர் கழற்றலாம் என்று கூறப்பட்டுள்ள அளவுக்கு மட்டும் துப்பாக்கியைப் பிரித்து, அந்தப் பூச்சை உலர்ந்த துணியால் துடைத்தெடுத்து, குழலுக்குள் இரண்டு மூன்று துணித் துண்டுகளை ஓட்டி, போல்ட் உரசும் இடங்களில் மட்டும் மெல்லிய எண்ணெயைச் சொட்டளவில் தடவுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் திரும்பப் பூட்டும்போது குழப்பம் வராது.

முதல் சில நூறு தோட்டாக்களுக்குச் சாதாரண வேகத் தோட்டாக்களைத் தவிர்த்து, 40 கிரெயின் (சுமார் 2.6 கிராம்) எடையுள்ள, உருண்டை முனை கொண்ட, அதிவேக வகையைப் பயன்படுத்துவது நல்லது. புதிய ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும். ஒன்றோடொன்று உரசும் பரப்புகள் இன்னும் பழகியிருக்கா. குறைந்தது மூன்று நான்கு வகைத் தோட்டாக்களில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, எந்த வகையில் எத்தனை அடைப்பு வந்தது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஒரே வடிவமைப்பில் அடுத்தடுத்துச் செய்யப்பட்ட இரண்டு துப்பாக்கிகள்கூட வெவ்வேறு தோட்டாவை விரும்புவதுண்டு.

துப்புரவு

ரிம்ஃபயர் துப்பாக்கி ஏன் இவ்வளவு அழுக்காகிறது என்று வியப்பவர்கள் உண்டு. குண்டின் மேல் மெழுகோ மசகோ பூசப்பட்டிருக்கிறது. குண்டு ஈயத்தால் ஆனது, அல்லது அதன் மேல் மிக மெல்லிய செம்பு முலாம் மட்டுமே உண்டு. மேலும், போல்ட் பின்னோக்கி நகரும்போது புகையும் எரியாத மருந்துத் துகள்களும் அறை வழியாகப் பின்னுக்கு வந்து உட்புறமெங்கும் படிகின்றன. ஆகவே அழுக்கு சேரும் முக்கிய இடம் குழல் அன்று. போல்ட்டும் தோட்டா அறையும்தான். தொடக்கநிலையினர் பலர் குழலை மணிக்கணக்கில் தேய்த்துவிட்டு, போல்ட்டின் முகத்தை ஒரு முறைகூடத் துடைக்காமல் விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

போல்ட்டின் முகத்தைச் சிறிய நைலான் பிரஷால் தேயுங்கள். கூட்டின் விளிம்பைப் பற்றி இழுக்கும் கொக்கிக்கு, அதாவது எக்ஸ்ட்ராக்டருக்கு, அடியில் கறுப்பு மெழுகுக் கட்டி இறுகிக் கிடக்கும். அதை மரத்தாலான பல்குச்சியால் சுரண்டி எடுக்க வேண்டும். எஃகு ஊசி வேண்டாம். கொக்கியை விரல் நகத்தால் சற்று வெளியே தள்ளிவிட்டால் அது சட்டென்று திரும்பி வர வேண்டும். மந்தமாக வந்தால் அடியில் இன்னும் அழுக்கு இருக்கிறது என்று பொருள். அதன் பிறகு, போல்ட் ஓடும் பள்ளங்களையும், அதன் ஸ்பிரிங் சுற்றியிருக்கும் தண்டையும், காலிக் கூட்டை வெளியே தட்டிவிடும் எஜெக்டரின் நுனியையும் துடையுங்கள்.

தோட்டா அறை தனிக் கவனத்துக்குரியது. ரிம்ஃபயர் தோட்டாவில் தீப்பொறி மருந்து விளிம்பின் மடிப்புக்குள் பரவியிருக்கிறது. ஃபயரிங் பின் என்னும் ஊசி அந்த விளிம்பை அறையின் ஓரத்தோடு வைத்து நசுக்கும்போதுதான் அது தீப்பிடிக்கிறது. அறைக்குள் மெழுகும் கரியும் வளையமாகப் படிந்து தோட்டா முழுமையாக உட்காராமல் நின்றுவிட்டால், அடியின் ஒரு பகுதி தோட்டாவை முன்னே தள்ளுவதில் வீணாகி, விளிம்பு போதிய அளவு நசுங்காமல் போகிறது. வெடிக்காத தோட்டாவுக்கு ஃபயரிங் பின்னைக் குறை கூறுபவர்கள் முதலில் இந்த வளையத்தைத்தான் பார்க்க வேண்டும். அறைக்கான பிரஷில் அழுக்கைக் கரைக்கும் திரவமான சால்வென்ட்டைச் சில சொட்டு விட்டு, மெதுவாகத் திருகி, சில நிமிடங்கள் ஊறவிட்டு, உலர்ந்த துணியால் முழுவதும் துடைத்துவிடுங்கள். அறைக்குள் எண்ணெய் தங்கக் கூடாது.

குழலைப் பொறுத்தவரை என் கருத்து, குறைவாகச் செய்வதே நல்லது. இத்தகைய ரைபிள்களில் பலவற்றின் பின்புறம் மூடியிருப்பதால் துப்புரவுக் கம்பியைக் குழல்முனை வழியாகத்தான் விட வேண்டியிருக்கிறது. கம்பி முனையின் ஓரத்தில் உரசி உரசி அங்கே தேய்மானம் ஏற்பட்டால் குறி சிதறும், அதைத் திருத்துவதும் எளிதன்று. அறைப்பக்கத்திலிருந்து குழல்முனைப் பக்கமாக இழுக்கும் கயிறு வகைத் துப்புரவுக் கருவி இந்த ஆபத்தைத் தவிர்க்கிறது. கம்பிதான் கிடைக்கிறது என்றால் முனையில் வழிகாட்டி வளையம் பொருத்திக்கொள்ளுங்கள். செம்பைக் கரைக்கும் கடுமையான சால்வென்டுக்கு இங்கே வேலையே இல்லை.

எண்ணெயில் கஞ்சத்தனம் காட்டுங்கள். போல்ட்டின் அடியிலும் பக்கங்களிலும் விரல்நுனியால் தடவிய மெல்லிய படலம் போதும். ஃபயரிங் பின் ஓடும் துளையிலும் மேகசினுக்குள்ளும் எண்ணெய் விடக் கூடாது. அங்கே அது மருந்துத் துகள்களோடு கலந்து களிம்பாகி, பின்னின் வேகத்தையும் மேகசின் ஸ்பிரிங்கின் எழுச்சியையும் மட்டுப்படுத்தும். மேகசினைத் துடைத்து உலர்த்தினாலே போதுமானது. வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பு போட்டு நன்கு கழுவாமல் உணவைத் தொடாதீர்கள், ஏனெனில் அந்தக் கறுப்பு அழுக்கில் ஈயம் இருக்கிறது.

திரும்பப் பூட்டிய பின், காலித் துப்பாக்கியில் ஒரு சோதனை செய்யுங்கள். பாதுகாப்புப் பூட்டு போட்டிருக்கையில் விசையை அழுத்தினால் எதுவும் நிகழக் கூடாது. பூட்டை நீக்கி அழுத்தினால் ஃபயரிங் பின்னை அடிக்கும் சுத்தியல் விழும் ஒலி கேட்க வேண்டும். விசையை அழுத்திப் பிடித்தபடியே போல்ட்டை ஒரு முறை இழுத்து விட்டு, பிறகு விசையை மெதுவாக விடும்போது அது மீண்டும் பொருந்தும் சிறு சொடுக்கு கேட்க வேண்டும். ரிம்ஃபயரில் காலி அறையில் விசையை அழுத்துவது சில வடிவமைப்புகளில் அறையின் ஓரத்தைக் குழியாக்கும் என்பதால், கையேடு அனுமதிக்கிறதா என்று முன்னதாகப் பார்த்துவிடுங்கள். அனுமதிக்காவிட்டால் பயிற்சிக்கான பிளாஸ்டிக் போலித் தோட்டாவைப் பயன்படுத்தலாம்.

எந்த நேரத்தில் உடனே நிறுத்த வேண்டும்

விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால், குழல்முனையை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு குறைந்தது 30 வினாடிகள் காத்திருங்கள். அரிதாகத் தோட்டா தாமதித்து வெடிப்பதுண்டு. வழக்கத்துக்கு மாறாக மெலிந்த ஒலி கேட்டு, உதைப்பும் இல்லாமல் போனால், இன்னொரு முறை சுடவே கூடாது. குண்டு குழலின் நடுவில் சிக்கியிருக்கலாம். அதன் பின்னால் அடுத்த குண்டைச் செலுத்தினால் குழல் புடைத்துப்போகும், வெடிக்கவும் கூடும். துப்பாக்கியைக் காலி செய்து, குழலின் ஊடாக வெளிச்சம் தெரிகிறதா என்று அறைப்பக்கத்திலிருந்து பாருங்கள். உயிருள்ள தோட்டா அறைக்குள் சிக்கி வெளியே வராவிட்டால், குழல்முனை வழியாகக் கம்பியால் குத்தித் தள்ள முயலாதீர்கள். அது உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழில்நுட்பரின் வேலை.

அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

அடைப்பு நேர்ந்தவுடன் போல்ட்டை அவசரமாக இழுத்து எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். முனையைப் பாதுகாப்பாக வைத்து, விரலை விலக்கி, தோட்டாவும் கூடும் எந்த நிலையில் நிற்கின்றன என்று பாருங்கள். அந்தக் காட்சியே கோளாறின் பெயரைச் சொல்லிவிடும்.

காலிக் கூடு புகைபோக்கி போல வெளியேற்றும் வாயிலில் நிமிர்ந்து நின்றால், போல்ட் முழுத் தூரம் பின்னே செல்லவில்லை அல்லது மெதுவாகச் சென்றிருக்கிறது. விசையை அழுத்தும்போது வெறும் சொடுக்கு மட்டும் கேட்டு, திறந்து பார்த்தால் அறை காலியாக இருந்தாலும் இதே காரணம்தான்: சுத்தியலை நிமிர்த்தும் அளவுக்குப் பின்சென்ற போல்ட், அடுத்த தோட்டாவின் பின்புறத்தை எட்டும் அளவுக்குச் செல்லவில்லை. தோட்டாவை அதிவேக வகைக்கு மாற்றிப் பாருங்கள். தீரவில்லை என்றால் போல்ட்டையும் ஸ்பிரிங் தண்டையும் துடைத்து, மிகுதியான எண்ணெயை எடுத்துவிட்டு, மறுபடியும் சுடுங்கள். ஒலியைவிடக் குறைந்த வேகமுடைய அமைதியான தோட்டாக்கள் பல துப்பாக்கிகளில் இந்தத் தொல்லையைத் தரும். அதைத் துப்பாக்கியின் குறையாகக் கருத வேண்டியதில்லை.

காலிக் கூடு அறைக்குள்ளேயே தங்கி, புதிய தோட்டா அதன் முதுகில் முட்டிக்கொண்டு நின்றால், கொக்கி பற்றவில்லை. கொக்கியின் அடியையும் அறையையும் துடையுங்கள். நன்கு துடைத்த பிறகும், வெவ்வேறு தோட்டாக்களிலும், இது தொடர்ந்தால் கொக்கியின் நுனியோ அதன் ஸ்பிரிங்கோ மாற்றப்பட வேண்டியதாக இருக்கும்.

தோட்டா வெடிக்காமல் போகும்போது, காத்திருப்பு முடிந்தபின் அதை எடுத்து, விளிம்பில் உள்ள தழும்பை வெடித்த கூட்டின் தழும்போடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே ஆழத்தில் இருந்தால் குறை தோட்டாவில். தயாரிப்பின்போது விளிம்புக்குள் மருந்து எல்லாப் பக்கமும் சமமாகப் பரவாததால் அந்த ஓரத்தில் மருந்து இல்லாமல் போயிருக்கிறது. தழும்பு ஆழமற்றிருந்தால் அறை வளையம், ஃபயரிங் பின் துளையின் களிம்பு, போல்ட் முழுமையாக மூடாமை ஆகியவற்றை அந்த வரிசையில் பாருங்கள். மூன்றாவது காரணத்தைப் புதியவர்கள் தாங்களே உண்டாக்குவதுண்டு: போல்ட்டைக் கையால் பிடித்து மெதுவாக முன்னே கொண்டு செல்கிறார்கள். அதை முழுவதும் இழுத்து, கையை விட்டுவிட வேண்டும். ஸ்பிரிங் தன் முழு வலுவோடு மூடட்டும்.

தோட்டா அறைவாயிலில் முட்டி, மூக்கு நசுங்கி நின்றால் முதல் ஐயம் மேகசின் மேல்தான். அது சொடுக்கு கேட்கும்வரை உள்ளே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நேர்வடிவ மேகசினில் தோட்டாக்களை நிரப்பும்போது மேலுள்ள தோட்டாவின் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்கு முன்னால் அமர வேண்டும். பின்னால் சிக்கிக்கொண்டால் இரண்டும் கோர்த்துக்கொண்டு நகராது. 1964இல் வெளிவந்த ரூகர் 10/22 ரைபிளின் 10 தோட்டா சுழல் மேகசின், ஒவ்வொரு தோட்டாவையும் தனிப் பள்ளத்தில் தாங்கி இந்தச் சிக்கலை நீக்குகிறது. உங்களிடம் ஒன்றுக்கு மேற்பட்ட மேகசின்கள் இருந்தால் பெயிண்டால் எண்ணிட்டு வையுங்கள். தொடர்ந்து சில வாரங்கள் என்னைத் தொல்லைப்படுத்திய ஓர் அடைப்பு, எண்ணிட்டுச் சுடத் தொடங்கிய முதல் நாளிலேயே இரண்டாம் எண் மேகசினுக்கு மட்டும் உரியது என்று தெரிந்துவிட்டது; தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் அதன் மேல் உதடு ஒருபுறம் சற்று விரிந்திருந்தது. உதட்டைக் குறட்டால் வளைத்துத் திருத்த முயல்வதைவிடப் புதிய மேகசின் வாங்குவதே மேல்.

குறி திடீரென்று சிதறத் தொடங்கினால் குழலைத் தேய்ப்பதற்கு முன் தொலைநோக்கியின் தாங்கித் திருகுகளையும், தோளில் ஊன்றும் கட்டையைக் குழல் தொகுதியோடு பிணைக்கும் திருகையும் சரிபாருங்கள். அவற்றைக் கையேடு கூறும் முறுக்கு அளவுக்கு மேல் இறுக்காதீர்கள். தோட்டா வகையை மாற்றியவுடன் முதல் சில குண்டுகள் சிதறுவது இயல்பு. குழலில் புதிய மெழுகுப் பூச்சு நிலைபெறும்வரை பொறுத்திருங்கள்.

விசைத் தொகுதியின் உட்பகுதி, சுத்தியல், அவற்றின் ஸ்பிரிங்குகள் ஆகியவற்றைப் புதியவர் தொடவே கூடாது. அங்கே ஒரு பரப்பைச் சிறிது தேய்த்தால்கூடத் துப்பாக்கி தானாகவே வெடிக்கும் நிலை உருவாகலாம். மூன்று வகைத் தோட்டா, இரண்டு மேகசின், முழுமையான ஒரு துப்புரவு ஆகியவற்றுக்குப் பின்னும் அதே கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் உத்தரவாதத்தின் கீழ்த் துப்பாக்கியை அனுப்புங்கள். அனுப்பும்போது குறிப்பேட்டின் பக்கங்களையும், தழும்பு தெரியும் நான்கைந்து காலிக் கூடுகளையும் உடன் வைத்துவிடுங்கள். "சில நேரம் சிக்குகிறது" என்ற ஒற்றை வரியைக் காட்டிலும் அந்தக் கூடுகள் பழுது பார்ப்பவருக்கு அதிகம் சொல்லும்.