சாவர்டோ ரொட்டிக்கு தோசைக்கல் போதும்

இயற்கையாகப் புளிக்கவைத்த மாவில் செய்யும் சாவர்டோ ரொட்டியை வீட்டில் சுட, விலை கூடிய டச்சு அவன் (மூடி போட்ட கனமான இரும்புப் பானை) தேவையில்லை. கைப்பிடி இல்லாத கனமான இரும்பு தோசைக்கல்லும், அதன்மேல் கவிழ்க்க ஆழமான எவர்சில்வர் பாத்திரமும் போதும். இரண்டையும் ஓடிஜிக்குள் (மேசைமேல் வைக்கும் சிறிய மின் அடுப்பு) வைத்து 230 டிகிரியில் அரை மணி நேரம் காயவிட்டு, மாவைப் பேக்கிங் தாளோடு கல்லில் இறக்கி, பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுங்கள். 20 நிமிடம் கழித்து பாத்திரத்தை எடுத்துவிட்டால், மீதி 20, 25 நிமிடத்தில் மேல்தோல் சிவந்து மொறுமொறுப்பாகும்.

டச்சு அவன் செய்வதும் இதேதான். மாவிலிருந்து கிளம்பும் ஆவி வெளியேறாமல் நின்றால் மேல்தோல் சீக்கிரம் இறுகாது, ரொட்டி நன்றாக உப்பும். கல்லில் தேங்கிய சூடு அடியிலிருந்து தூக்கிக் கொடுக்கும்.

பெங்களூரில் சிவாஜிநகர், சிக்பேட்டைப் பக்கம் பாத்திரக் கடைக்குப் போவதானால் ஓடிஜியின் உள் அகலத்தையும் உயரத்தையும் அளந்துகொண்டு போங்கள். பாத்திரத்துக்கும் மேலே சூடாகும் கம்பிக்கும் நடுவே இரண்டு விரல் இடமாவது வேண்டும். சின்ன ஓடிஜியில் இது இடிக்கும். அப்போது மாவைப் பாதியாக்குவதுதான் வழி.

நான்ஸ்டிக் கல், பிளாஸ்டிக் பிடி வைத்த பாத்திரம் இரண்டும் கூடாது. பாட்டி காலத்து ஈயம் (வெள்ளீயம்) பூசிய பித்தளைப் பாத்திரமும் வேண்டாம், அந்தப் பூச்சு 232 டிகிரியிலேயே உருகிவிடும். கன்வெக்ஷன் (சூடான காற்றில் சுடும் வசதி) இல்லாத வெறும் மைக்ரோவேவ் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி உதவாது.