கருக்கலைப்புச் சட்டம்: நம்ம ஊர் நர்சிங் ஹோம்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் பத்து படுக்கை, இருபது படுக்கை வைத்து நடத்துகிறவர்களுக்காகவும், அங்கே ரிசப்ஷனிலும் லேபர் வார்டிலும் நிற்கிற நர்ஸ்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கருக்கலைப்பு என்றாலே நம்ம பக்கம் பாதிப் பேருக்குப் பயம், மீதிப் பேருக்கு அலட்சியம். பயப்படுகிறவர்கள் சட்டம் கேட்காத காகிதத்தையெல்லாம் கேட்டு வாங்கி ஃபைலில் சொருகுகிறார்கள், சட்டம் கேட்கிற காகிதத்தை விட்டுவிடுகிறார்கள். மாட்டுவது பெரும்பாலும் அங்கேதான்.

முதல் தவறு, மசோதாவைச் சட்டம் என்று நம்புவது. 1971ஆம் வருஷக் கருக்கலைப்புச் சட்டத்தைத் திருத்தி 24 வாரம் வரை அனுமதிக்கும் மசோதா 2020 மார்ச்சில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவை அதை நிறைவேற்றியது 2021 மார்ச்சில், நடைமுறைக்கு வந்தது 2021 செப்டம்பர் 24. அதாவது நடுவில் ஒன்றரை வருஷம், டிவியில் "24 வாரம்" என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்திலும், சட்டப்படி வரம்பு 20 வாரம்தான். இன்னொரு உதாரணம் 2014இல் வந்த வரைவு. சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி மருத்துவர்களும் நர்ஸ்களும்கூட கருக்கலைப்பு செய்யலாம் என்று அதில் ஒரு யோசனை இருந்தது. அது சட்டமாகவே ஆகவில்லை. இன்றைக்கும் பயிற்சி பெற்ற அலோபதி மருத்துவர்தான் செய்யலாம், வெறும் எம்.பி.பி.எஸ். பட்டம் மட்டும் போதாது. மகப்பேறு பட்டமோ, விதி சொல்கிற மகப்பேறுத் துறை அனுபவமோ இல்லாதவர் என்றால், 12 வாரம் வரைக்கும் செய்யவே, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் 25 கேஸில் உதவியிருக்க வேண்டும், அதில் குறைந்தது 5 கேஸைத் தனியாகச் செய்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால் கெஜட்டில் வந்துவிட்டதா, எந்தத் தேதியிலிருந்து அமல் என்று மட்டும் பாருங்கள்.

செட்டிநாட்டுக்கே உரிய குழப்பம் ஒன்றும் உண்டு. வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கிறார்கள், அங்கிருந்து வரும் தகவல் இங்கே சட்டமாகிவிடுகிறது. "கவுன்சிலிங் முடிந்து 48 மணி நேரம் காத்திருக்கணுமாமே" என்று ஒரு நர்ஸே என்னிடம் கேட்டார். அது சிங்கப்பூர் விதி. இந்தியச் சட்டத்தில் கட்டாயக் காத்திருப்பு நேரம் எதுவும் கிடையாது. ஏற்கெனவே நாள் தள்ளி வந்தவரை இன்னும் இரண்டு நாள் தள்ளிவிடுவதற்கு இங்கே சட்டத்தில் இடமில்லை.

சரி, பெரிய தவறுக்கு வருகிறேன். கணவர் கையெழுத்து. 18 வயது முடிந்த, மனநலப் பாதிப்பு இல்லாத பெண்ணுக்கு அவருடைய சம்மதம் ஒன்றே போதும், அதற்குத்தான் ஃபாரம் சி. கணவர், மாமியார், அப்பச்சி, அண்ணன் என்று யாருடைய கையெழுத்தையும் 1971ஆம் வருஷச் சட்டமும் கேட்கவில்லை, 2021 திருத்தமும் கேட்கவில்லை. ஆனால் நம்ம பக்கம் எந்த நர்சிங் ஹோமுக்கும் போய்ப் பாருங்கள், கன்சென்ட் ஃபாரத்துக்குக் கீழே "கணவர் கையொப்பம்" என்று ஒரு கோடு அச்சிலேயே இருக்கும். சிசேரியனுக்கு அடித்த ஃபாரத்தையே இதற்கும் கொடுக்கிறார்கள். கேட்டால் "நாளைக்குப் பிரச்சினை வந்தால் யார் பதில் சொல்வது?" என்கிறார்கள். கணவர் துபாயில் இருப்பார், அல்லது அந்தக் கணவரால்தான் பிரச்சினையே இருக்கும், அந்தப் பெண் கையெழுத்துக்கு அலைந்து அலைந்து எட்டு வாரம் பன்னிரண்டு வாரமாகும். உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: குடும்பத்தார் சம்மதம், ஆவணம், கோர்ட் உத்தரவு என்று சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் போடக் கூடாது. "காப்பர் டி போட்டுக்கொண்டால்தான் செய்வோம்", "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் சேர்த்துப் பண்ணிக்கோ" என்பதும் இதே கணக்குதான். எடுத்துச் சொல்லலாம், கட்டாயப்படுத்தக் கூடாது.

கல்யாணம் ஆகாதவர் என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்புவது இதன் அக்கா. கருத்தடை சாதனம் பலிக்காமல் கரு உண்டானால் என்ற காரணத்தில் முன்பு "மணமான பெண், கணவர்" என்று இருந்தது, 2021இல் அதைப் "பெண், அவருடைய துணைவர்" என்று மாற்றிவிட்டார்கள். 20இலிருந்து 24 வாரம் வரையான பிரிவிலும் மணமாகாதவர்களை ஒதுக்கக் கூடாது என்றது அதே 2022 தீர்ப்பு. திருமணத்துக்குள் நடந்த பலாத்காரத்தால் உண்டான கர்ப்பத்தையும், இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை, பலாத்காரக் கணக்கில் சேர்க்கச் சொன்னது. மெட்டி இருக்கிறதா, தாலி இருக்கிறதா என்று பார்ப்பது ரிசப்ஷன் வேலை இல்லை.

வாரக் கணக்கில் சுருக்கமாக. கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ண வேண்டும். 20 வாரம் வரை ஒரு மருத்துவர் கருத்து போதும். 20இலிருந்து 24 வரை இரண்டு மருத்துவர்கள், அதுவும் குறிப்பிட்ட பிரிவினருக்கு: பாலியல் வன்முறைக்கு ஆளானவர், 18 வயதுக்குக் கீழே உள்ளவர், கர்ப்பத்தின் நடுவில் கணவரை இழந்தவர் அல்லது விவாகரத்து ஆனவர், பெரிய உடல் ஊனம் உள்ளவர், மனநலப் பாதிப்பு உள்ளவர், கருவில் கடுமையான குறைபாடு, பேரிடர்ச் சூழலில் இருப்பவர். 24க்கு மேல் கருவில் கணிசமான குறைபாடு இருந்தால் மட்டும், அதுவும் மருத்துவ வாரியம் பார்த்து. தாயின் உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் வார வரம்பும் இல்லை, இரண்டாவது மருத்துவர் கருத்தும் வேண்டாம், அங்கீகார இடம் என்ற நிபந்தனையும் பொருந்தாது. ரத்தப்போக்கோடு வந்தவரைப் பார்த்துவிட்டு "நம்மிடம் லைசென்ஸ் இல்லை, மதுரைக்குக் கொண்டுபோங்க" என்று ஆட்டோவில் ஏற்றிவிடுகிறார்களே, அதற்குச் சட்டத்தில் ஒரு சாக்கும் கிடையாது. கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு அரைகுறையாகக் கலைந்து வருகிறவரும் அவசர நோயாளிதான். அவசர நோயாளிக்கு முதலில் சிகிச்சை, மற்ற சம்பிரதாயமெல்லாம் அப்புறம் என்று உச்ச நீதிமன்றம் 1989லேயே சொல்லிவிட்டது.

அவசரம் இல்லாத கேஸுக்கு இடம் முக்கியம். அரசு மருத்துவமனை, இல்லாவிட்டால் மாவட்டக் குழு அங்கீகாரம் கொடுத்த இடம். "நர்சிங் ஹோமுக்குப் பொது லைசென்ஸ் இருக்கே, அது போதாதா" என்றால் போதாது. அங்கீகாரம் இல்லாத இடத்தில் செய்தால் 2 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை கடுங்காவல், இடத்தின் உரிமையாளருக்கும் அதே தண்டனை. மாத்திரை மூலம் கலைப்பதை, 9 வாரம் வரை, சாதாரண கிளினிக்கிலிருந்தும் மருத்துவர் எழுதிக் கொடுக்கலாம் (2021 வரை இது 7 வாரம்). ஆனால் சிக்கல் வந்தால் அனுப்ப ஓர் அங்கீகாரம் பெற்ற இடம் அவருக்கு இருக்க வேண்டும், அதற்கான சான்றிதழைக் கிளினிக்கில் மாட்டி வைக்க வேண்டும். கம்பவுண்டர் எடுத்துக் கொடுக்கிற வேலையெல்லாம் கூடவே கூடாது.

இனி, எனக்கு ரொம்பக் கோபம் வருகிற விஷயம்: ரகசியம். ஃபாரம் மூன்று என்கிற அட்மிஷன் ரெஜிஸ்டரில் மட்டும்தான் பெண்ணின் பெயர் இருக்கலாம். கேஸ் ஷீட், ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) ரெஜிஸ்டர், ஃபாலோ-அப் கார்டு எதிலும் பெயர் கூடாது, அந்த வருஷத்து வரிசை எண்தான், 5/2024 என்கிற மாதிரி. சம்மதப் படிவத்தையும் மருத்துவரின் கருத்துப் படிவத்தையும் உறையில் போட்டு ஒட்டி, மேலே "ரகசியம்" என்று எழுதிப் பொறுப்பாளரிடம் கொடுக்க வேண்டும். அந்தக் கருத்துப் படிவம், அதாவது ஃபாரம் ஒன்று, கருக்கலைப்பு முடிந்த 3 மணி நேரத்துக்குள் கையெழுத்தாக வேண்டும். வாரக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாகப் போடுவதெல்லாம் ஆகாது. மாதாமாதம் எண்ணிக்கை மட்டும் ஃபாரம் இரண்டில் மாவட்ட அதிகாரிக்குப் போக வேண்டும். ரெஜிஸ்டரைக் கடைசிப் பதிவிலிருந்து 5 வருஷம் பூட்டி வைக்க வேண்டும்.

நடப்பது என்ன? ஓ.டி. வாசலில் நீளநோட்டு திறந்து கிடக்கும், பெயர், ஊர், கணவர் பெயர், பக்கத்தில் சிவப்பு மையில் "எம்.டி.பி.", அதாவது கருக்கலைப்பு. அடுத்த கேஸுக்குக் கூட வந்தவர் அதன் மேலேயே காபி டம்ளரை வைப்பார். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு தெருவில் யார் மகள், யார் மருமகள் என்பது எல்லாருக்கும் தெரியும், அந்த ஒரு வரி சாயங்காலத்துக்குள் ஊர் சுற்றிவிடும். கர்ப்பத்தை முதலிலேயே பிக்மி எண்ணுக்கு, அதாவது அரசின் கர்ப்பப் பதிவு எண்ணுக்கு, பதிந்திருந்தால் கிராமத்து நர்ஸம்மா போன் போட்டு "ஏன் செக்கப்புக்கு வரலை" என்று விசாரிப்பார், அதற்கு ரிசப்ஷனிலிருந்து பதில் சொல்வதும் மீறல்தான். சட்டப்படி அதிகாரம் உள்ளவரைத் தவிர வேறு யாரிடமும் விவரம் சொன்ன மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். வேலைக்குப் போகிற பெண் விடுப்புக்காகச் சான்றிதழ் கேட்டால் கொடுக்கலாம், அதில் தப்பில்லை. சட்டம் அவருக்கு ஆறு வாரச் சம்பள விடுப்பு தருகிறது.

18க்குக் கீழே உள்ள பெண் வந்தால் இரண்டு சட்டங்கள் ஒன்றாக வந்து நிற்கும். கருக்கலைப்புச் சட்டப்படி பாதுகாவலரின் எழுத்துச் சம்மதம் வேண்டும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி போலீசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் 6 மாதம் வரை சிறை. 17 வயதில் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டு "புருஷன்தானே கூட வந்திருக்கான்" என்பார்கள், அதுவும் இதில் அடங்கும். போலீஸ் பயத்தில் இந்தப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினால் அடுத்து எங்கே போவார்கள் என்று உங்களுக்கே தெரியும். 2022 தீர்ப்பு இதற்கு ஒரு வழி விட்டிருக்கிறது: சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், தகவலில் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை. தகவல் கொடுக்கும் கடமை அப்படியே இருக்கிறது, பெயரை மட்டும் விடலாம். இதைத் தெரிந்து வைத்திருக்கிற இடங்கள் நம்ம பக்கம் குறைவு.

கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாது என்கிற 1994ஆம் வருஷச் சட்டம் வேறு. அதன் ஸ்கேன் ஃபாரத்தையும் இதையும் குழப்பி, இரண்டாவது பெண் குழந்தைக்குப் பிறகு வருகிற யாரையும் சந்தேகப்பட்டு மறுப்பது சரியில்லை. ஸ்கேன் சென்டர் குற்றம் செய்தால் அதைத் தனியே பார்க்கட்டும்.

"எனக்கு மனசு ஒப்பவில்லை, செய்ய மாட்டேன்" என்கிற மருத்துவர்களும் இருக்கிறார்கள். சிங்கப்பூர்ச் சட்டத்தில் அப்படி விலக அனுமதி எழுதியே இருக்கிறது, உயிர்காக்கும் நேரம் தவிர. நம்ம சட்டத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என் கருத்து: செய்ய மாட்டீர்கள் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், எங்கே செய்வார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "அடுத்த வாரம் ஸ்கேன் எடுத்துட்டு வா", "அப்புறம் பார்க்கலாம்" என்று இழுத்து 20 வாரத்தைத் தாண்ட விடுவதுதான் அநியாயம்.

24 வாரம் தாண்டிவிட்டால் வாரியத்துக்கு எழுத வேண்டும். விண்ணப்பம் கிடைத்த 3 நாளில் கருத்து, 5 நாளுக்குள் கருக்கலைப்பு என்று விதி இருக்கிறது, ஆகவே ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கி மேஜை டிராயரில் போட்டு வைக்காதீர்கள். வாரியம் மறுத்தால் சிவகங்கை, புதுக்கோட்டைக்காரர்களுக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது. அங்கே போனாலும் கிடைத்தே தீரும் என்றில்லை, 26 வாரக் கர்ப்பத்தோடு போன மணமான பெண்ணுக்கு 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே மறுத்திருக்கிறது. அதையும் அந்தக் குடும்பத்திடம் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.